டென்டர்ஹுக்ஸ்: ஓர் ஆங்கில மரபுத்தொடரும் ஆரணி நெசவுத் தெருவும்

ஒவ்வொரு மொழிக்கும் அதற்கே உரிய மரபுத்தொடர்கள் உண்டு. அவற்றிலுள்ள சொற்களைத் தனித்தனியே எடுத்துப் பொருள் கண்டால் தொடரின் பொருள் கிட்டாது. 'அவன் கையை விரித்துவிட்டான்' என்பதைத் தமிழறியாத ஒருவர் அகராதியைத் துணைக்கொண்டு படித்தால், யாரோ ஒருவன் விரல்களை அகட்டிக் காட்டினான் என்றே கொள்வார். நம்பிப் போனவன் வெறுங்கையோடு திரும்பினான் என்ற செய்தி அவருக்கு எட்டாது. ஆங்கிலத்தில் 'ஈடியம்' எனப்படும் தொடர்களைப் படிக்கும்போது நம் மாணவ நண்பர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

மத்திய அரசுப் பணியாளர் தேர்வுகளிலும் வங்கித் தேர்வுகளிலும் இத்தகைய தொடர்களுக்குப் பொருள் கேட்கிறார்கள். அதற்காக வழிகாட்டி நூல்களை வாங்கி, நாளுக்கு இருபது தொடர் என்று கணக்கு வைத்து உருப்போடும் மாணவரை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். இருபத்தோராவது தொடர் உள்ளே நுழையும்போது முதல் தொடர் வெளியே போய்விடுகிறது! ஒரு தொடர் எந்தத் தொழிலில், யார் கையில் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் உருப்போடும் வேலை பாதி குறையும் என்பது என் எண்ணம். அதிலும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அது தங்களிடம் இருப்பதை அவர்கள் அறியவில்லை. இதை விளக்க ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொள்கிறேன். 'டு பி ஆன் டென்டர்ஹுக்ஸ்' என்பது அது.

தேர்தல் முடிவு வரும் நாளில் ஆங்கில நாளேடுகளில் இத்தொடரைக் காணலாம். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவன், அறுவைக் கூடத்தின் வாயிலில் நிற்கும் உறவினர், வேலை உத்தரவை எதிர்பார்த்துத் தபால்காரரையோ கைபேசியையோ நொடிக்கொரு தரம் பார்க்கும் பட்டதாரி ஆகிய அனைவரும் 'ஆன் டென்டர்ஹுக்ஸ்'. முடிவு இன்னதென்று தெரியாத நிலையில் மனம் அலைக்கழிவதே இதன் பொருள். வெறும் துன்பத்திற்கு இது பொருந்தாது. துன்பம் வந்து சேர்ந்த பிறகு ஒருவரை இவ்வாறு சொல்ல மாட்டார்கள். வருமோ வராதோ என்ற இடைப்பொழுதுக்கே இது உரியது. பிறரை அந்நிலையில் வைப்பதற்கு 'கீப்' என்ற வினை சேரும். கொக்கி எப்போதும் பன்மையில் வரும். முன்னே 'ஆன்' என்ற உருபு வரும். இதை மாற்றி எழுதினால் மதிப்பெண் போகும்.

இத்தொடரை எழுத்துப் பிழையோடு எழுதுவோர் மிகப் பலர். 'டென்டர்' என்பதிலுள்ள இரண்டாவது 'டி'யை மாற்றி, மென்மை என்று பொருள்படும் சொல்லாக்கி எழுதிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர்களே இவ்வாறு எழுதுவதுண்டு என்பதால் நம் மாணவரைக் குறை சொல்வதற்கில்லை. என் வகுப்பில் நடந்த சிறு தேர்வு ஒன்றில் ஒரு மாணவி 'மென்மையான கொக்கிகளின்மேல் இருத்தல். அதாவது சுகமாக இருத்தல்' என்று விடை எழுதியிருந்தாள். எழுத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த விடையில் ஓர் ஒழுங்கு இருக்கத்தான் செய்கிறது. பொருள்தான் நேர் எதிராகிவிட்டது.

அப்படியானால் டென்டர் என்பது என்ன? அது ஒரு மரச்சட்டம்.

ஆங்கில நாட்டின் பழைய பெருந்தொழில் கம்பளி நெசவு. கம்பளித் துணி தறியிலிருந்து இறங்கும்போது எண்ணெய்ப் பிசுக்கோடும் தளர்ச்சியோடும் இருக்கும். அதை ஒருவகைக் களிமண் கலந்த நீரில் இட்டுக் காலால் மிதித்தோ, நீராற்றலால் இயங்கும் மரச்சுத்திகளால் அடித்தோ துவைப்பார்கள். கம்பளி மயிருக்கு ஒரு குணம் உண்டு. நனைத்து அடித்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டிப்படும். துணி உறுதியாகும், ஆனால் சுருங்கியும் போகும். அப்படியே உலரவிட்டால் ஓரிடத்தில் அகலம் கூடும், ஓரிடத்தில் குறையும், கரை கோணும். ஆகவே திறந்த வெளியில் நீளமான மரச்சட்டங்களை நட்டு, மேல் சட்டத்திலும் கீழ்ச் சட்டத்திலும் வரிசையாக வளைந்த ஆணிகளை அடித்து, ஈரத் துணியின் இரு கரைகளையும் அந்த ஆணிகளில் மாட்டி, விறைப்பாக இழுத்து வெயிலிலும் காற்றிலும் உலர்த்தினார்கள். அந்தச் சட்டமே டென்டர். அந்த ஆணிகளே டென்டர்ஹுக்ஸ். இலண்டன் மாநகரின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற பழைய நெசவாளர் பகுதியில் 'டென்டர் கிரவுண்ட்' என்று ஒரு தெரு இன்றும் இருக்கிறது. துணி காய்ந்த களம் போய்விட்டது; பெயர் மட்டும் தங்கிவிட்டது.

துணி இருக்கும் இடத்தில் களவும் சூதும் இல்லாமல் இருக்குமா? இரவிலும் துணி வெளியிலேயே கிடக்கும். யார்க்‌ஷயரில் ஹாலிபாக்ஸ் என்னும் கம்பளி நகரில், பதின்மூன்றரைப் பென்னி மதிப்புக்குக் குறையாத பொருளைத் திருடியவனின் தலையை ஒரு பொறியில் வைத்து வெட்டும் வழக்கம் 1650 வரை நடைமுறையில் இருந்தது. சட்டத்தில் காயும் துணியைத் திருடியவர்களும் அதற்கு இரையானார்கள். மறுபுறம், துணிக்கு உரியவர்களே செய்த சூதும் உண்டு. அளவுக்கு மீறி இழுத்து உலர்த்தினால் துணி நீளம் கூடும், விலையும் கூடும். வாங்கியவர் முதன்முறை நனைத்ததும் துணி தன் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்! இதைத் தடுக்க 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கில நாட்டில் சட்டங்கள் இயற்ற வேண்டியதாயிற்று. ஜவுளிக் கடையில் 'சுருங்குமா?' என்று கேட்டுவிட்டு வாங்கும் நம் தாய்மார்களின் ஐயம் எவ்வளவு பழமையானது பாருங்கள்.

இனி, சட்டத்தில் கிடந்த ஆணி மனத்திற்கு எப்படி வந்தது? 17ஆம் நூற்றாண்டிலேயே 'டென்டரின்மேல் இருத்தல்' என்ற சுருங்கிய வடிவம் மனத்தவிப்பைக் குறிக்க வழங்கியது. ஸ்காட்லாந்தில் பிறந்த டோபியாஸ் ஸ்மாலெட் 1748இல் வெளியிட்ட 'ரோடரிக் ராண்டம்' என்னும் புதினத்தில் கொக்கியும் சேர்ந்த இன்றைய வடிவம் காணப்படுகிறது. திருட்டுக்கு அஞ்சி விழித்திருந்த துணிக்காரனின் கவலையே தொடருக்கு மூலம் என்று சிலர் சொல்லக்கூடும். கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு உடன்பாடில்லை. தொடர் 'டென்டர்ஹுக்ஸின் அருகில்' என்று சொல்லவில்லை, 'மேல்' என்கிறது. கொக்கியின்மேல் இருப்பது துணி, துணிக்காரன் அல்லன். இரு பக்கமும் இழுபட்டு, கிழியவும் முடியாமல் தளரவும் முடியாமல் நிற்கும் துணிக்கே மனம் உவமையாயிற்று.

இதை நான் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தபோது, மென்மையான கொக்கி என்று எழுதிய அதே மாணவி எழுந்து, "சார், இது எங்க வீட்லயும் இருக்கு" என்றாள். அவள் எங்கள் ஊர்ப் பெண்.

ஆரணி என்றதும் வெளியூர்க்காரர்கள் பட்டுச்சேலையை நினைப்பார்கள். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. எங்களது திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. பெரியபாளையத்துக்கு அருகே ஆரணியாற்றின் கரையில் உள்ள சிற்றூர். அஞ்சல் அட்டை அந்த ஆரணிக்குப் போய்விட்டு இந்த ஆரணிக்கு வருவதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். இங்கும் நெசவுத் தெரு உண்டு. நான் சிறுவனாக இருந்த காலத்தைவிடத் தறியோசை இன்று குறைந்துவிட்டது. இளைஞர் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். போகக்கூடாது என்று சொல்ல நான் யார்? மாதச் சம்பளம் மழைக்கு நனையாது.

அந்த மாணவி சொன்ன பொருள் தறியிலேயே இருப்பது. நெய்யும்போது ஊடை இழை துணியை உட்பக்கமாக இழுக்கும். அகலம் குறையப் பார்க்கும். அதைத் தடுக்க, இரு முனைகளிலும் ஊசி பதித்த ஒரு குச்சியைத் துணியின் அகலத்துக்குக் குறுக்கே வைத்து, இரு கரைகளிலும் ஊசியைக் குத்தி நிறுத்துவார்கள். நெய்ய நெய்யக் குச்சியை எடுத்து முன்னே வைப்பார்கள். கரையோரம் ஊசி பட்ட துளைகள் வரிசையாகத் தெரியும். "தறியிலேர்ந்து இறக்கின துணியில கரையைத் தடவிப் பார்த்தா கையில தட்டும் சார்" என்றாள். வழிகாட்டி நூல் எழுதியவருக்கு இது தெரியாது.

நான் விடவில்லை. "கொக்கி தெரிந்துவிட்டது. தவிப்பு எங்கே இருக்கிறது?" என்று வினவினேன். அவள் சற்று யோசித்துத் தெருப்பாவைச் சொன்னாள்.

நெசவறியாத நண்பர்களுக்காக விளக்குகிறேன். தறியில் ஏற்றுமுன் பாவு நூலுக்குக் கஞ்சி ஊட்ட வேண்டும். இல்லையேல் நாடா ஓடும்போது இழைகள் அறுந்துகொண்டே இருக்கும். விடியற்காலையில், வெயில் ஏறுமுன், தெருவின் இம்முனையிலிருந்து அம்முனை நோக்கிப் பாவை நீட்டிக் கட்டுவார்கள். நடுநடுவே கவைக்கம்புகள் தாங்கும். அரிசிக் கஞ்சியைத் தெளித்து, பாவாற்றி என்னும் பெரிய தூரிகையை இருவர் எதிரெதிரே பிடித்து நீவிக்கொண்டே நடப்பார்கள். இழையோடு இழை ஒட்டாமல் உலர வேண்டும். காற்று மிகக்கூடாது, வெயில் மிகக்கூடாது. மழையோ வரவே கூடாது. பாதி உலர்ந்த பாவில் மழை விழுந்தால் கஞ்சி கரையும், நூல் சிக்குண்டு போகும். அந்த நூல் பெரும்பாலும் நெசவாளரின் சொந்த நூலுமன்று. கூலிக்கு நெய்யக் கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நூல்.

"வானம் கறுத்துட்டா அப்பா மேலே பார்ப்பாரு, பாவைப் பார்ப்பாரு, மறுபடியும் மேலே பார்ப்பாரு. சுருட்டினாலும் கெட்டுப்போகும், விட்டாலும் கெட்டுப்போகும். அப்போ யாரும் அவருகிட்ட பேச மாட்டோம் சார். அம்மா அடுப்பைக்கூட அணைச்சிட்டு வந்து வாசல்ல நிப்பாங்க" என்றாள்.

வகுப்பு அமைதியாயிற்று. கீழே விழவும் முடியாமல் உலரவும் முடியாமல் தெருவில் விறைத்து நிற்கும் பாவு, அதன் பக்கத்தில் அதே நிலையில் ஒரு மனிதர். அந்தப் பருவத் தேர்வில் இத்தொடரை வாக்கியத்தில் அமைக்கச் சொல்லிக் கேட்டிருந்தேன். ஒருவர் பாக்கியில்லாமல் சரியாக எழுதியிருந்தார்கள். பாதிப் பேர் மழையையும் பாவையும் வைத்தே எழுதியிருந்தார்கள். நெசவைக் கண்ணால் காணாத மாணவர்கள் உட்பட.

சொல்லின் வேரையும் சிறிது நோக்குவோம். இலத்தீனில் 'டெண்டெரே' என்ற வினைக்கு நீட்டுதல், இழுத்து விறைப்பாக்குதல் என்று பொருள். டென்டர் அதன் பிள்ளை. அதன் உடன்பிறப்புகள் நம் தமிழ்ப் பேச்சிலேயே நடமாடுகின்றன. சாலைப் பணிக்கு ஒப்பந்தக்காரர்கள் போடும் 'டெண்டர்', தன் விலையை முன்னே நீட்டுதல் என்ற பொருளில் இதே வேரில் பிறந்தது. துணியை இழுத்துக் கட்டிய கூடாரம் 'டென்ட்'. மணலைக் குவித்து உட்கார்ந்து நாங்கள் படம் பார்த்த டென்ட் கொட்டகைக்கும் அதுவே தாய். என்.சி.சி. அணிவகுப்பில் கேட்கும் 'அட்டென்ஷன்' மனத்தை ஒன்றை நோக்கி நீட்டுதல். காலையில் நான் எடுக்கும் 'அட்டெண்டன்ஸ்' கூட இந்தக் குடும்பமே, அதை மாணவர்கள் விரும்பாவிட்டாலும்! எல்லாவற்றிலும் நெருங்கிய உறவு 'டென்ஷன்'. நெசவாலையில் நூலின் டென்ஷன் என்றால் இழையின் விறைப்பு. வங்கி எழுத்தர் 'டென்ஷனா இருக்கு' என்றால் மனத்தின் விறைப்பு. துணியிலிருந்து மனத்துக்கு டென்டர்ஹுக்ஸ் நடந்து வந்த அதே பாதையில் இந்தச் சொல்லும் வந்திருக்கிறது. மென்மை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லோ 'டெனெர்' என்ற வேறோர் இலத்தீன் சொல்லின் வழியில் வந்தது. மாணவியின் விடையைக் குழப்பியது இந்த ஒலி ஒற்றுமைதான்.

கருவி செத்துவிட்டது, தொடர் மட்டும் பிழைத்திருக்கிறது என்று ஆங்கில நூல்களில் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ போய்ச் சாய ஆலையில் கேளுங்கள். 'ஸ்டென்டர்' என்ற பெரிய இயந்திரம் அங்கே இரவுபகலாக ஓடுகிறது. ஈரத் துணியின் இரு கரைகளையும் சங்கிலியில் பதித்த ஊசிகளோ கவ்விகளோ பிடித்து, அகலத்துக்கு இழுத்து, வெப்பக் காற்றறைக்குள் செலுத்தி உலர்த்தும் இயந்திரம் அது. மரச்சட்டம் இரும்பாயிற்று, வெயில் பர்னராயிற்று. வேலை மாறவில்லை, பெயரும் ஓர் எழுத்துதான் கூடிற்று. மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் துணிகள் பலவற்றின் கரையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளைகள் வரிசை பிடித்து நிற்கும்.

இத்தொடரைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'மதில்மேல் பூனை' என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். அது பொருந்தாது; எந்தப் பக்கம் குதிப்பது என்பது பூனையின் விருப்பம், கொக்கியில் மாட்டிய துணிக்கு விருப்பம் ஏது? 'திரிசங்கு நிலை' என்பதில் இடைப்பட்டு நிற்றல் இருக்கிறது, தவிப்பு இல்லை. 'வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருத்தல்' நல்ல தொடர், ஆனால் அது நெடுநாள் அச்சம். வெளியூருக்குப் படிக்கப்போன மகளை நினைத்துப் பெற்றவள் சொல்வது. ஒரு பகல், ஓர் இரவு காத்திருக்கும் தவிப்புக்கு 'இருப்புக் கொள்ளவில்லை' என்பதே மிக நெருக்கமானது என்பேன். ஆங்கிலத்திலேயே இதன் பங்காளிகளாகச் சில தொடர்கள் உள. 'ஆன் பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' அமெரிக்காவில் மிகுதி. அதில் 'ஆன்' இல்லாவிட்டால் கால் மரத்துப்போய்ச் சுருக்கென்று குத்துவதைக் குறிக்கும். 'ஆன் தி ராக்' என்பது சித்திரவதைப் பலகையிலிருந்து வந்தது. அதன் வேதனை இன்னும் கொடியது.

நூலும் துணியும் இரு மொழிகளுக்கும் தந்த தொடர்களைச் சொல்லப் புகுந்தால் இம்மலரில் இடம் போதாது. கட்டுக்கதை சொல்பவனை ஆங்கிலேயர் 'நூல் நூற்கிறான்' என்பர். கப்பலில் கயிற்றுக்கு இழை முறுக்கிக்கொண்டே மாலுமிகள் கதை பேசிய வழக்கத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய தொடர் அது. நாமோ அவனைச் 'சரடு விடுகிறான்' என்கிறோம், 'கயிறு திரிக்கிறான்' என்கிறோம். யாரும் யாரிடமும் கடன் வாங்கியதாகத் தோன்றவில்லை. நீளமாக இழுக்க இழுக்க வந்துகொண்டே இருப்பது பொய்யும் நூலும் என்று இரு நாட்டாரும் தனித்தனியே கண்டிருக்கிறார்கள். நூற்பதற்கு முன்பே கம்பளியில் ஏற்றிய சாயம் எளிதில் போகாது. ஆகவே கொள்கையில் ஊறியவரை ஆங்கிலத்தில் 'கம்பளியிலேயே சாயமேறியவர்' என்பர். நமக்குச் சாயத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 'சாயம் வெளுத்துப் போச்சு' என்பதே நம் தொடர்.

சொல் வாங்கியது நாம் மட்டும் என்று எண்ணவேண்டாம். எங்கள் ஆரணியாறு பொன்னேரியைக் கடந்து பழவேற்காட்டு ஏரிப் பக்கம் போய்ச் சேர்கிறது. 1610 முதல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் இருந்து துணி வாங்கிக் கப்பலேற்றினார்கள். கட்டம் போட்ட அவ்வட்டாரக் கைக்குட்டைக்கு ஆங்கிலத்தில் 'புல்லிகேட்' என்று ஊர்ப்பெயரே பெயராயிற்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ்கோ நகரைச் சுற்றியிருந்த தறிகளில் ஸ்காட்லாந்து நெசவாளர்களே புல்லிகேட் நெய்தார்கள். மெக்சிகோவில் கழுத்தில் கட்டும் துணிக்கு 'பாலியகாத்தே' என்று இன்றும் பெயர். அங்கே அந்நாட்டுப் பழங்குடி மொழியிலிருந்து அதற்கு விளக்கம் கூறுவாரும் உளர். பழவேற்காடு அவர்களுக்கு வெகுதூரம்.

இத்தகைய விளக்கங்களில் எச்சரிக்கை தேவை. ஆங்கிலத்தில் ஒன்று பூதாகாரமாகக் கண்முன் எழுவதை 'லூம்' என்ற வினையால் சொல்வர். தறிக்கும் 'லூம்' என்றே பெயர். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் பரம்பரைச் சொத்தைக் குறிக்கும் 'ஏர்லூம்' என்பதில் இருப்பது தறியின் பெயரேதான்; பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கருவி, தட்டுமுட்டு என்று பொருள். நம் 'தறிகெட்டு அலைகிறான்' என்பதில் உள்ள தறியும் இப்படிப்பட்டதே. நெசவுத்தறி என்று தோன்றும். கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு ஓடும் மாட்டை நினைத்தால்தான் பொருள் சரியாக அமைகிறது. கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவிபாடும் என்ற பழமொழியிலும் மாடு கட்டும் முளை என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எங்கள் தெருவில் அந்தப் பழமொழியைச் சொல்பவர்கள் எல்லாரும் நெசவுத்தறியை நினைத்தே சொல்கிறார்கள். அகராதியை எடுத்துக்கொண்டு போய் நான் அவர்களோடு வாதாடியதில்லை.